பெர்லின் சுவர்ப் பாதையில் மிதிவண்டியில் சென்று தெருக்கலையைப் பார்ப்பது எப்படி?

பெர்லின் நகரை 1961 ஆகஸ்ட் 13 முதல் 1989 நவம்பர் 9 வரை கிழக்கு, மேற்கு என்று பிரித்து நின்ற எல்லைச் சுவரின் தடத்தில், இன்று ஏறக்குறைய 160 கிலோமீட்டர் நீளமுள்ள மிதிவண்டிப் பாதை ஒன்று பழைய மேற்கு பெர்லினைச் சுற்றி ஓடுகிறது. பாதையின் பெரும்பகுதி காடு, ஏரிக்கரை, புறநகர்த் தெரு என்று அமைதியாகச் செல்வதால், சுவரோவியமும் கிராஃபிட்டியும் தேடி வருபவர் முழுச் சுற்றையும் ஓட்ட வேண்டியதில்லை. நகர நடுவில், தெற்கே வார்ஷவர் தெரு ரயில் நிலையத்திலிருந்து வடக்கே போர்ன்ஹோல்மர் தெரு நிலையம் வரை உள்ள சுமார் 15 கிலோமீட்டர் போதும். நிற்காமல் மிதித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும் இந்தத் தொலைவுக்கு, சுவர்களை ஊன்றிப் பார்ப்பவர் ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

எந்த முனையில் தொடங்குவது என்பதை வெயிலை வைத்து முடிவு செய்யுங்கள். தெற்கு முனையில், ஓவியங்கள் தீட்டிய எஞ்சிய சுவராக நீளும் ஈஸ்ட் சைட் கேலரியின் ஓவிய முகம் வடகிழக்கைப் பார்த்திருப்பதால் காலை வெயில் அதன் மேல் நேராக விழுகிறது; பிற்பகலில் அந்த முகம் நிழலுக்குள் போய்விடும், கதிரவனோ படமெடுப்பவரின் கண்ணுக்கு நேரே வந்துவிடும். வடக்கில் இருக்கும் மவர் பூங்காவின் கிராஃபிட்டிச் சுவர் மேற்கு நோக்கியது என்பதால் அதற்குப் பிற்பகல் ஒளியே பொருத்தம். ஆகவே காலையில் தெற்கில் தொடங்கி மாலையில் வடக்கில் முடிப்பதே முறை. காலை எட்டு மணிக்கு முன்பே வந்துவிட்டால் சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள் முக்கியமான ஓவியங்களைப் பார்த்து முடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மவர் பூங்காவில் பழைய பொருள் சந்தையும் திறந்தவெளிப் பாட்டு நிகழ்ச்சியும் நடப்பதால் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போவதே பெரும்பாடாகிவிடும். கூட்டத்தை விரும்பாதவர்கள் வார நாளில் செல்லலாம்.

வண்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாதையில் கருங்கல் பாவிய பகுதிகள் பல இருப்பதால் மெல்லிய டயர் கொண்ட பந்தய வண்டியைத் தவிர்ப்பது நல்லது. பூங்காக்களிலும் குரோய்ட்ஸ்பெர்க் வட்டாரத்திலும் உடைந்த புட்டிச் சில்லுகள் கிடக்கும் என்பதால் மாற்று டியூப் ஒன்றும் கைப்பம்பும் பையில் இருக்கட்டும். பெர்னாவர் தெருவில் டிராம் தண்டவாளத்தைக் கடக்கும்போது சக்கரம் தண்டவாளத்துக்குக் கூடியவரை குறுக்காகச் செல்ல வேண்டும். சாய்வாகச் சென்றால் சக்கரம் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். ஜெர்மனியில் பெரியவர்கள் நடைபாதையில் வண்டியோட்டக் கூடாது. ஓவியத்தை நெருங்கிப் பார்க்க விரும்பினால் இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும். வழி காட்ட, பாதை நெடுகப் பலகைகள் உண்டு. சுவர் நின்ற கோடு, நகர நடுவின் பல இடங்களில் சாலையில் பதித்த இரட்டை வரிசைக் கற்களாகத் தெரியும். கல்வரிசையும் மிதிவண்டிப் பாதையும் எப்போதும் ஒன்றாகச் செல்வதில்லை என்பதால், கற்களைப் பின்தொடராமல் பலகைகளைப் பின்தொடருங்கள்.

எந்தப் பக்கம், எந்தக் காலம்

இந்தப் பாதையில் ஒவ்வொரு வண்ணப்பூச்சின் முன்னும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது அழகாக இருக்கிறதா என்பதல்ல. இந்த முகத்தின் முன்னால் நின்று வண்ணம் பூச யாருக்கு, எப்போது முடிந்தது என்பதே. எல்லை என்பது ஒற்றைச் சுவர் அன்று. மேற்கைப் பார்த்த முன்சுவர், கிழக்கைப் பார்த்த பின்சுவர், இரண்டுக்கும் நடுவே காவல் கோபுரங்களும் விளக்குகளும் கொண்ட மரண வெளி என்று அது ஒரு பட்டையாக அமைந்திருந்தது. 1970களின் நடுவிலிருந்து முன்சுவருக்குப் பயன்பட்ட கான்கிரீட் பலகைகள் 3.6 மீட்டர் உயரமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்டவை, வழவழப்பானவை. எல்லைக் காவலரின் வசதிக்காக வார்க்கப்பட்ட அந்த வழவழப்பு, மேற்குப் பக்கத்தில் தூரிகையோடு வந்தவர்களுக்கும் வசதியாகப் போயிற்று.

ஆனால் மேற்கு பெர்லினில் நின்று வரைவது ஆபத்தில்லாத வேலை என்று எண்ணிவிடக் கூடாது. முன்சுவர், சட்டப்படியான எல்லைக்கோட்டுக்குச் சில மீட்டர் உள்ளே தள்ளி, கிழக்கு ஜெர்மனியின் மண்ணில் எழுப்பப்பட்டிருந்தது. சுவரைத் தொட்டவர் அந்நாட்டுக்குள் நின்றவரே, சுவரில் இருந்த கதவுகள் வழியாகக் காவலர் வந்து அவரைப் பிடித்துச் செல்ல முடியும். 1984 முதல் சுவரில் வரையத் தொடங்கிய பிரெஞ்சு ஓவியர் தியரி நுவார், பக்கவாட்டில் பார்க்கும் பெரிய உதடு கொண்ட தலைகளை ஓரிரு கோடுகளிலும் மூன்று நான்கு நிறங்களிலும் முடித்தமைக்கு இந்த அவசரமே காரணம். 1986 நவம்பரில், கிழக்கிலிருந்து வெளியேறி வந்த இளைஞர் ஐவர், சுவர் ஒரு வண்ணமயமான காட்சிப் பொருளாகிவிட்டதே என்ற சினத்தில், எல்லா ஓவியங்களின் மேலும் ஒரே ஒரு வெள்ளைக் கோட்டை இழுத்துக்கொண்டே சென்றார்கள். அவர்களுள் ஒருவர் காவலரிடம் பிடிபட்டுக் கிழக்கில் சிறையில் அடைக்கப்பட்டார். சுவரோவியத்தைக் கொண்டாடும் எவரும் இந்த வெள்ளைக் கோட்டையும் அதன் வரலாற்றின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

கிழக்கு முகமோ, தப்பியோடுபவரின் உருவம் துலக்கமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. கிழக்கைப் பார்த்த முகத்தில் நீங்கள் காணும் வண்ணம் ஏறக்குறைய எல்லாமே 1989 நவம்பருக்குப் பிந்தையது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், விளக்கப் பலகை இல்லாத இடத்திலும் சுவரின் வயதை நீங்களே ஊகித்துவிடலாம்.

கையெழுத்துகளை வகை பிரித்துப் பார்ப்பதும் உதவும். ஒரே நிறத்தில், கையெடுக்காமல் எழுதிய பெயர் டேக். உப்பலான எழுத்துகளை இரண்டு நிறத்தில் சில நிமிடங்களில் முடிப்பது த்ரோ அப். பல நிறங்களும் நிழலும் சேர்த்து மணிக்கணக்கில் வரைந்தது பீஸ். வெட்டிய அட்டை வழியாகத் தெளித்தது ஸ்டென்சில். வீட்டிலேயே வரைந்து பசை தடவி ஒட்டிச் செல்வது ஒட்டுப்படம். டேக்கின் மேல் த்ரோ அப்பும், அதன் மேல் பீஸும் வரலாம் என்பது எழுதுவோரிடையே உள்ள வழக்கம். நல்ல பீஸின் மேல் யாரேனும் டேக் கிறுக்கியிருந்தால் அது அவமதிப்பு அல்லது சண்டை. ஒரு சுவரின் முன் ஐந்து நிமிடம் நின்று, எது எதன் மேல் வந்திருக்கிறது என்று அடுக்கடுக்காகப் பிரித்துப் பாருங்கள். அதற்கடுத்த சுவர் தானாகவே பேசத் தொடங்கிவிடும்.

தெற்கிலிருந்து வடக்கு

வார்ஷவர் தெரு நிலையத்திலிருந்து இறங்கி வந்தால் ஷ்ப்ரே ஆற்றின் மேல் ஓபர்பாம் பாலம் நிற்கிறது. பாலத்தைக் கடந்து குரோய்ட்ஸ்பெர்க் பக்கம் திரும்பியதும், சிறு சிறு மனித உடல்களால் ஆன இளஞ்சிவப்புப் பேருருவம் ஒரு கட்டடத்தின் பக்கச் சுவரில் தெரியும். இத்தாலிய ஓவியர் ப்ளூ 2007இல் வரைந்தது. அவரே அருகிலுள்ள குவ்ரி தெருவில் வரைந்த இரண்டு பெரிய ஓவியங்கள் நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டிருந்தன. அந்த இடத்தில் புதிய கட்டடங்கள் எழும்பவிருந்த நிலையில், வாடகை உயர்ந்து பழைய குடிகள் வெளியேற்றப்படும் வட்டாரத்துக்குத் தம் ஓவியம் விளம்பரமாகக் கூடாது என்று, 2014 டிசம்பரில் ஓவியரின் சம்மதத்தோடே அவை கறுப்பு வண்ணத்தால் ஓரிரவில் மூடப்பட்டன. அங்கே இன்று பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் திரும்பிப் பாலத்தைக் கடந்து வந்துவிடலாம்.

பாலத்தின் வடமுனையிலிருந்து ம்யூலன் தெரு நெடுக 1.3 கிலோமீட்டருக்கு ஈஸ்ட் சைட் கேலரி நீள்கிறது. இங்கே ஆற்றின் முழு அகலமும் கிழக்குக்கே உரியது. எல்லை மறுகரையில் இருந்தது. ஆகவே இது கிழக்கைப் பார்த்த பின்சுவர். ஆயினும் அரசு விருந்தினர்களின் வாகனங்கள் செல்லும் சாலை என்பதால், முன்சுவருக்கு உரிய உயரமான வழவழப்புப் பலகைகளை இங்கே நிறுத்தியிருந்தார்கள். 1990இல் 21 நாடுகளைச் சேர்ந்த 118 ஓவியர்கள் இதில் வரைந்தார்கள். அடுத்த ஆண்டே இது பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கப்பட்டது. வெயில், உறைபனி, வாகனப் புகை, பார்வையாளர்களின் கிறுக்கல் எல்லாம் சேர்ந்து ஓவியங்களைத் தின்றுவிட்டதால் 2009இல் பழைய பூச்சை நீக்கிவிட்டு, அதே ஓவியர்களை அழைத்துத் தத்தம் ஓவியங்களை மீண்டும் வரையச் செய்தார்கள், சிலர் மறுத்துவிட்டார்கள். நீங்கள் காண்பது 1990இன் வண்ணம் அன்று, 1990இன் நினைவை அதே கைகள் 2009இல் எழுதிய நகல். அதனால் மதிப்புக் குறைவதாக நான் எண்ணவில்லை. ஆனால் தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு, தெரியாமல் பார்ப்பது வேறு.

கூட்டம் எப்போதும் திமித்ரி வ்ரூபெலின் முத்த ஓவியத்தின் முன்னால் நிற்கும். சோவியத் தலைவர் பிரெஷ்னெவும் கிழக்கு ஜெர்மனியின் ஹோனெக்கரும் 1979இல் வாயோடு வாய் முத்தமிட்டு வாழ்த்திக்கொண்ட காட்சி, ரெஜி போசு எடுத்த செய்திப் புகைப்படத்திலிருந்து பெரிதாக்கப்பட்டது. அதை முதலில் பார்த்துவிட்டு, அவசரமின்றி மற்றவற்றுக்கு வாருங்கள். பிர்கிட் கிண்டரின் ஓவியத்தில் கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் கார் ஒன்று சுவரை உடைத்துக்கொண்டு வருகிறது; எண் பலகையில் நவம்பர் 9, 89 என்று இருப்பதைக் கவனியுங்கள். கானி அலாவியின் ஓவியத்தில் ஒரு பிளவின் வழியே வெள்ளமாகப் பொங்கிவரும் ஆயிரம் முகங்களைத் தொலைவிலிருந்து ஒருமுறையும் நெருங்கி ஒருமுறையும் பார்க்க வேண்டும். எல்லா முகமும் மகிழ்ச்சியில் இல்லை என்பது நெருங்கினால்தான் தெரியும். நீளமான ஓவியங்களை எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து பார்த்தால் முழுமையாகக் கண்ணில் அடங்கும்.

சுவரின் நடுவே காணும் இடைவெளிகள் சில பிற்காலத்தவை. ஆற்றோரத்தில் ஒரு சொகுசுக் குடியிருப்புக் கோபுரம் கட்டுவதற்காக 2013இல் பலகைகள் அகற்றப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்த்தார்கள். 2018இலிருந்து பெர்லின் சுவர் அறக்கட்டளை இதைப் பராமரிக்கிறது. அந்த இடைவெளிகள் வழியே ஆற்றுப் பக்கம் சென்று சுவரின் முதுகையும் பாருங்கள். முன்பக்கம் அருங்காட்சியகம் என்றால் இந்தப் பக்கம் தெரு. டேக்குகளும் பீஸுகளும் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டு மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. வந்தவர்கள் தம் பெயரைப் பேனாவால் எழுதிச் செல்லும் வழக்கமும் உண்டு. அதில் சேர்ந்துகொள்ளாதீர்கள். ஜெர்மானியக் குற்றவியல் சட்டம் 2005இல் திருத்தப்பட்டதிலிருந்து, பொருளுக்குச் சேதம் விளையாவிட்டாலும் அதன் தோற்றத்தை உரிமையின்றிக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதே குற்றம்; நினைவுச் சின்னமென்றால் தண்டனை இன்னும் கடுமை. புகைப்படத்துக்கு மட்டும் தாராளம்: பொதுத்தெருவில் நிரந்தரமாக இருக்கும் படைப்பைப் படமெடுத்து வெளியிட அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. ஓவியரின் பெயரைக் குறித்தே வெளியிடுங்கள்.

ஷில்லிங் பாலத்தைக் கடந்தால் பாதை குரோய்ட்ஸ்பெர்க்கின் விளிம்பில் பெத்தானியன் டாம் வழியாகச் செல்கிறது. நுவார் வாழ்ந்ததும் முதன்முதலில் வரைந்ததும் இந்த வட்டாரத்தில்தான். அவர் வரைந்த சுவர் இப்போது இங்கே இல்லை. ஆனால் ஒஸ்மான் காலின் என்ற துருக்கியக் குடியேறி, கிழக்குக்கு உரியதாயினும் சுவருக்கு மேற்கே விடுபட்டுக் கிடந்த துண்டு நிலத்தில் 1980களில் காய்கறி பயிரிட்டு, கிடைத்த பலகைகளைக் கொண்டு கட்டிய வீடு இன்னும் நிற்கிறது. ஓவியம் இல்லாவிட்டாலும், அனுமதி கேளாமல் நகரத்தில் தன் குறியை விட்டுச் செல்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல சான்று பாதையில் வேறு இல்லை. இந்தத் தெருக்களில் தலையைத் தூக்கியபடி செல்லுங்கள்: கூரையிலிருந்து கயிற்றில் இறங்கிச் செங்குத்தாக எழுதும் பெர்லின் கிட்ஸ் குழுவின் சிவப்பு, நீல எழுத்துகளும், 1யூபி குழுவின் பெயரும் எட்டாத உயரங்களில் தெரியும். அவை முறையான அனுமதியோடு வந்தவை அல்ல என்பது அவற்றின் இடத்திலிருந்தே விளங்கும். நேரமிருந்தால் சற்று விலகி மரியானன் தெருவுக்குச் சென்று, விக்டர் ஆஷ் 2007இல் கறுப்பு வண்ணத்தில் வரைந்த விண்வெளி வீரரைப் பார்த்து வரலாம்.

அடுத்துவரும், பழைய எல்லைக் கடவையான செக்பாயின்ட் சார்லி பகுதியை விரைந்து கடக்கலாம். அமெரிக்க ஓவியர் கீத் ஹாரிங் 1986 அக்டோபரில் அங்கே மஞ்சள் பின்னணியில் சிவப்பும் கறுப்புமான மனித உருவங்களைக் கைகோத்தாற்போல் வரைந்தார். விரைவிலேயே பிறர் அதன் மேல் வரைந்துவிட்டார்கள், இன்று சுவடே இல்லை. சற்று அப்பால் நீடர்கிர்ஷ்னர் தெருவில் 200 மீட்டர் நீளச் சுவர் எந்த வண்ணமும் இன்றிக் கம்பிகள் வெளித்தெரிய நிற்கிறது. எல்லை திறந்தபின் சுத்தியலும் உளியுமாக வந்தவர்கள் நினைவுப் பொருளாகக் கொத்திச் சென்றது வண்ணம் படிந்த மேல்தோலையே; அந்தக் குழிகளை, இல்லாமல்போன ஓவியங்களின் வரைபடமாகவே பார்க்கலாம். போட்ஸ்டாம் சதுக்கத்தில் தனித்து நிறுத்தப்பட்டுள்ள பலகைகளின் வண்ணத்தை அப்படியே நம்ப வேண்டாம். 1990 ஜூனில் மொனாக்கோவில் பலகைகள் ஏலம் விடப்பட்ட காலந்தொட்டு, வண்ணம் இருந்தால்தான் விலை என்று ஆகிவிட்டது. நினைவுப் பொருள் கடைகளில் நிறத்தைப் பார்த்துக் கான்கிரீட் சில்லு வாங்குவதையும் தவிர்க்கலாம்.

பிராண்டன்பர்க் வாயிலையும் நாடாளுமன்றத்தையும் கடந்து, ஆற்றின் எதிர்க்கரையில் கலைஞர் பென் வாகின் 1990இல் தொடங்கிய, மரங்களும் சுவர்ப் பலகைகளும் கொண்ட நினைவிடமான மரங்களின் நாடாளுமன்றத்தில் சற்று நின்று, கால்வாய்க் கரை வழியாகப் பெர்னாவர் தெருவுக்கு வாருங்கள். இங்கே 1.4 கிலோமீட்டர் நீளத்துக்கு நினைவிடம். இதிலுள்ள சுவரில் யாரும் வரைவதில்லை, வரையவும் கூடாது. அருகிலுள்ள கட்டடங்களின் பக்கச் சுவர்களில் அக்காலப் புகைப்படங்கள் மட்டும் பேரளவில் இருக்கின்றன. வீடுகள் கிழக்கிலும் அவற்றின் வாசல் நடைபாதை மேற்கிலும் இருந்த தெரு இது. சன்னல் வழியே குதித்தவர்களுள் சிலர் உயிரிழந்தார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து செல்வதே தகும்.

நீங்களும் வரைய விரும்பினால்

பெர்னாவர் தெருவின் முடிவில் வரும் மவர் பூங்காவில், மேட்டின் மேல் எஞ்சியிருக்கும் பின்சுவர்தான் நகரில் எவரும் பட்டப்பகலில் ஸ்பிரே செய்யும் சுவர். அருகே கட்டுமான வேலியோ தடை அறிவிப்போ இருந்தால் அதற்குக் கட்டுப்படுங்கள். இல்லையெனில் முதலில் காற்றின் திசையைப் பாருங்கள். மேட்டில் காற்று பலமாக வீசும், வண்ணப்புகை பின்னால் நிற்கும் குழந்தைகளின் மேல் படியக் கூடாது. சாதாரணத் துணி முகமூடி வண்ண ஆவியைத் தடுக்காது என்பதால் கரி வடிகட்டி கொண்ட முகமூடியும் கையுறையும் வேண்டும். சுவரில் ஈரம் காயாத பீஸ் இருந்தால் அதை விட்டுவிட்டு, பழையதும் டேக்குகளால் கெட்டுப்போனதுமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அருகில் எவராவது வரைந்துகொண்டிருந்தால் கேட்டுவிட்டுத் தொடங்குவது மரியாதை.

பல்லாண்டுப் பூச்சு தடித்த தோலாகப் படிந்திருக்கிறது. உரிந்து தொங்கும் பகுதியைச் சுரண்டிவிட்டு, ரோலரால் மலிவான சுவர் வண்ணத்தை ஒரு பூச்சுப் பூசிக் காயவிட்டால் ஸ்பிரே வண்ணம் குறைவாகச் செலவாகும். டப்பாவை ஒன்றிரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, வெளிர் நிறத்தில் வெளிக்கோட்டை இட்டு, பிறகு நிரப்பி, இறுதியில் அடர்ந்த நிறத்தால் கோட்டை முடியுங்கள். மெல்லிய கோட்டுக்கு முனையைச் சுவருக்கு நெருக்கி விரைவாகவும், பரந்த நிரப்பலுக்குத் தள்ளி வைத்து நிதானமாகவும் கையை ஓட்ட வேண்டும்; ஓரிடத்தில் கை தயங்கினால் வண்ணம் வழியும். முடித்தவுடன் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, காற்று மட்டும் வரும்வரை அழுத்தினால் முனை அடைபடாது. காலி டப்பாக்களைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். மரங்கள், இருக்கைகள், பூங்காவின் கற்கள் மேல் தெளிப்பது அனுமதிக்குள் அடங்காது. படத்தை அன்றே எடுத்துவிடுங்கள். அது மறுநாள் காலையில் அங்கே இருக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

பூங்காவிலிருந்து ரயில் பாதைக்கு மேலே செல்லும் பாலத்தைக் கடந்து, செர்ரி மரங்கள் வரிசையாக நிற்கும் வழியே வடக்கே மிதித்தால் போர்ன்ஹோல்மர் தெருவுக்கு வந்துவிடலாம். 1989 நவம்பர் 9 இரவில் முதலில் திறந்த கடவை இதுவே. பாலத்தருகே பின்சுவரின் ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. கீழே உள்ள நிலையத்திலிருந்து ரயிலில் ஏறும்போது வண்டிக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும்; மிதிவண்டிப் படம் ஒட்டிய கதவு வழியாகவே வண்டியை ஏற்றுங்கள்.